வெட்டி எடுத்த குரல்

நவம்பர் 2

கம்ப்யூட்டர் நாலைந்து நாளாக டிக் டிக் என்று சத்தம் போடுகிறது. ஹார்ட் டிஸ்க் கிழடாகிவிட்டது போல. ஓசூரிலிருந்து மகள் பியூலா போனில், "அப்பா, அது என்னைக்கு வேணா போயிரும். இன்னைக்கே ஆன்லைன் பேக்கப் போட்டு வைங்க" என்றாள். நம் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் இன்டர்நெட் வழியாக எங்கேயோ தொலைவில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வார்களாம். இங்கே இயந்திரம் புகைந்து போனாலும் அங்கிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாமாம். முதல் மாதம் இலவசம். அவளே அங்கிருந்தபடி எல்லாவற்றையும் தமிழில் தெரியும்படி அமைத்துக் கொடுத்தாள்.

நான் மின்வாரியத்தில் மீட்டர் சோதனைக் கூடத்திலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். எவ்வளவு பெரிய கம்பெனி மீட்டராக இருந்தாலும் பலகையில் மாட்டி ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. ஆகவே இந்த மாதம் முழுவதும் சோதனை. அதற்கான குறிப்புகள்தான் இவை. வேறு எதையும் இதில் எழுதப் போவதில்லை.

வேறு என்றால் இதுதான்: என் மனைவி மலருக்குப் பத்தொன்பதாம் தேதி மதுரையில் ஆபரேஷன். குரல்வளையை முழுதாக எடுக்கிறார்கள். கட்டி அதோடு போய்விடும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் பேச்சு இருக்காது என்றார் டாக்டர். பிறகு ஒரு கருவியை வைத்துப் பேசிப் பழகலாம், அது இந்தக் குரலாக இருக்காது என்றும் சொன்னார். இதற்கும் பேக்கப்புக்கும் சம்பந்தமில்லை. டிஸ்க் சத்தம் போடுகிறது, அவ்வளவுதான்.

நவம்பர் 3

ஏற ஆரம்பித்திருக்கிறது. திரையில் ஒரு பச்சைக் கோடு. காலையில் பார்த்த இடத்திலேயேதான் சாயங்காலமும் நின்றது.

நவம்பர் 5

இந்தக் கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேபிள்காரர் கேட்டார். இன்டர்நெட்டை வேகப்படுத்த வந்தவர். முழுக்க முழுக்க மலர் வாசித்த பாடப் புத்தகங்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

பாளையங்கோட்டையில் பார்வையில்லாத பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். மலர் பள்ளிக்கூட வேலையை விட்ட வருடம் இதை ஆரம்பித்தாள். பின்னறையின் கதவிலும் சன்னலிலும் ஜமுக்காளத்தைத் தொங்கவிடுவோம், எதிரொலி வராமலிருக்க. ஃபேனை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் அதுவும் சேர்ந்து பாடம் படிக்கும். இந்த ஊர் வெயிலில், ஃபேன் இல்லாமல், கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அவள் ஒன்பதாம் வகுப்பு புவியியலிலிருந்து பி.எட். உளவியல் வரைக்கும் வாசித்திருக்கிறாள். தப்பு வந்தால் நிறுத்தமாட்டாள். மூச்சு விட்டுவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே போவாள். பிறகு நான் உட்கார்ந்து தப்பையெல்லாம் வெட்டி எடுத்து, சுத்தமாக ஒட்டிக் கொடுப்பேன். அவள் வாசிப்பாள், நான் வெட்டுவேன். எங்கள் தொழில் ஒப்பந்தம் அப்படி.

வெட்டி எடுத்த துண்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. சோதனைக் கூடத்தில், தேறாத மீட்டரையும் நம்பர் போட்டுத்தான் அடுக்கி வைப்போம். அந்தப் புத்தி. 'கழிவு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, வருடம் வாரியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

பேக்கப்பில் முதலில் புத்தகங்கள் ஏறும்படி வைத்திருக்கிறேன். கழிவு கடைசியில்.

நவம்பர் 7

மழை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னாலேயே கண் அசந்துவிட்டேன். பின்னறையில் மலர் வாசிக்கிற சத்தம் கேட்டது. பருத்தி விளையும் கரிசல் மண்ணைப் பற்றி. சன்னலுக்கு வெளியே மழை அந்த வாசிப்புக்குத் தோதாகப் பெய்துகொண்டிருந்தது. அறையில் தண்ணீர் கணுக்கால் அளவு ஏறியிருந்தது, நாற்காலி லேசாக மிதந்தது, எனக்குப் பயமே இல்லை. விழித்துப் பார்த்தால் ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருக்கிறது. தூங்குவதற்கு முன் நானேதான் போட்டிருக்கிறேன்.

முதல் சோதனை அதுதான். அந்தப் புவியியல் பாடத்தை, அனுப்பி வைத்த இடத்திலிருந்து திரும்ப வரவழைத்துப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. தேறியது என்று எழுதிக்கொண்டேன்.

அப்போது அடுப்படியிலிருந்து மலர், "ஏங்க, அந்தக் கொடியில கெடக்கிற துணிய எடுக்காம அங்க என்ன செய்யுதீங்க? நனையட்டும்னு விட்டுட்டீங்களா?" என்று கத்தினாள். தொண்டை கம்மிப் போய், பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது.

துணியை எடுத்துக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஸ்பீக்கரில் கரிசல் மண்ணைச் சொல்கிறவள் ஒரு டீச்சர். நல்ல உச்சரிப்பு, நிதானம். அவளை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. என்னைத் துணி எடுக்கச் சொன்னவளோடுதான் நான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்துகிறேன். அந்தக் குரல் புத்தகங்களில் எங்கேயும் கிடையாது. வெட்டி எடுத்துவிட்டேன்.

கழிவை வரிசையில் முதலாவதாக மாற்றி வைத்தேன்.

நவம்பர் 9

முத்துலெட்சுமி போன் செய்தாள். பார்வையில்லாதவள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கிறாள். மலர் இப்போது பாக்கி வைத்திருக்கும் உளவியல் புத்தகம் அவளுக்காகத்தான். மலர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெண்டைக்காய் நறுக்கினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? நான் உங்க பாடத்த எப்பவும் ரெண்டு மடங்கு வேகத்துலதான் கேப்பேன். எங்க ஹாஸ்டல்ல எல்லாரும் அப்படித்தான். போன்ல நீங்க பேசும்போது, என்ன இவ்வளவு மெதுவா பேசுதாங்க, உடம்பு சரியில்லையோன்னு தோணும்."

"இப்ப நெசமாவே சரியில்லதான்."

"தெரியும்க்கா." "மிச்சப் பாடத்த யாரையாவது வாசிக்கச் சொல்லிக்கிடுதேன். நீங்க தொண்டைய வருத்தாதீங்க. உங்க குரல்தான் எங்க எல்லார்ட்டயும் இருக்கே. எங்க போயிரப்போவுது?"

மலர் சிரித்தாள். எனக்குத்தான் சுருக்கென்றது. ஊரில் இத்தனை பேரிடம் அவள் குரல் இருக்கிறது. எல்லோருக்கும் தாராளமாக வெட்டி ஒட்டிக் கொடுத்தது நான்தான். நல்ல பெண்ணிடம் போய்ப் பொறாமைப்படுகிறேன், என்ன மனுஷன் நான்.

நவம்பர் 10

பியூலா வீடியோவில் வந்து, "அம்மா, எங்களுக்குன்னு ஏதாவது பேசி ரெக்கார்டு பண்ணி வைங்கம்மா" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். மலர் சரியென்று பின்னறைக்குப் போனாள். நான் ஜமுக்காளத்தை இழுத்துவிட்டு ஃபேனை நிறுத்தினேன்.

"அன்புள்ள பியூலா. நீ பிறந்தபோது நல்ல மழை பெய்துகொண்டிருந்தது" என்று ஆரம்பித்தாள். கரிசல் மண் டீச்சர். நாலு வாக்கியம் போனதும் அவளே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மைக்கப் பாத்தா எனக்கு வாசிக்கத்தான் வருது. பேச வரல. அழிச்சிருங்க."

அழித்தேன். இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது, அதைக்கூட வைத்திருக்கலாம்.

நவம்பர் 12

மழையில் மின்சாரம் போய்விட்டது. பச்சைக் கோடு நின்றுவிட்டது. துறையிலிருந்த காலத்தில் அடுத்தவர்களுக்குச் சொன்ன பதிலை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: "வேல நடக்குது, வந்துரும்."

நவம்பர் 14

காலையில் நல்ல வேகம். மலர் எழுந்திருக்கும் முன்பே வந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஏறுகிற கழிவுத் துண்டுகளை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். சோதனைக்காக.

சிப்பாய்க் கலகத்தின் நடுவில் ஒரு தும்மல், பிறகு "ஏசப்பா" என்று ஒரு பெருமூச்சு. ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே, "எழுதுனவன் இதுக்கு மூச்சு விட்டானா இல்லையா?" ஒரு இடத்தில் பல்லி விழுந்து அலறல். ஒரு இடத்தில் தெருவில் போகும் மீன்காரம்மாவிடம் சன்னல் வழியாக, "சாளை இருக்கா? இரு, வாரேன்!" ஒரு இடத்தில் எதுவுமே இல்லை, அவள் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தனக்குள்ளே எதையோ முணுமுணுக்கிறாள். என்னவென்று எத்தனை தடவை கேட்டும் பிடிபடவில்லை. பாளையங்கோட்டையில் விடியும்போது காகங்கள் கத்துவதும், அந்தத் துண்டில் என்றைக்கோ கத்திய காகங்களும் கலந்துவிட்டன. எது இன்றைய காகம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். அது சுகமாக இருந்தது.

"என்ன விடியமுன்னயே காதுல மாட்டிக்கிட்டு சிரிக்கீங்க?" என்று மலர் வந்து நின்றாள்.

"ஏறுதான்னு பாக்குதேன்" என்றேன்.

"ஏறலன்னா என்ன, குடியா முழுகிப்போச்சு? இந்தக் கோட்டப் பாத்துப் பாத்து ராத்திரி தூக்கமும் போச்சு உங்களுக்கு."

நவம்பர் 16

நாளை காலை மதுரைக்குக் கிளம்ப வேண்டும். மலர் மூன்று நாளாக வீட்டைக் கழுவிவிடுகிறாள். ஊருக்குப் போகுமுன் வீட்டைத் துப்புரவாகப் போட்டுவிட்டுத்தான் படியிறங்குவாள், கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பரண், பிரிட்ஜ், திரைச்சீலை எல்லாம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தால் பச்சைக் கோடு முழுதாக நிரம்பியிருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் கழிவு ஃபோல்டரைத் திறந்தேன். காலியாக இருந்தது. குப்பைத் தொட்டியும் காலி. இணையத்தில் அவர்கள் பக்கம் திறந்தேன். அங்கேயும் காலி. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடுமாம். அதற்குப் பெயர் பேக்கப்.

"மலர், இதுல ஒரு ஃபோல்டர் இருந்துச்சே?"

"நாந்தான் எடுத்தேன்" என்றாள், சன்னலைத் துடைத்தபடியே. "கழிவுன்னு நீங்கதான பேர் வச்சிருக்கீங்க. அது போய் எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு, புத்தகம்லாம் ஏறாம நிக்கி. நீங்களும் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. எடுத்ததும் மடமடன்னு ஏறிட்டு, பாத்தீங்களா?"

மவுஸைத் தள்ளி வைத்தேன்.

"ஏன், அதுல என்ன இருந்துச்சு? நான் இருமுனது, தப்பா வாசிச்சது. அதுதான?"

"ஆமா, அதுதான்" என்றேன்.

பால் வாங்கி வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பால் வீட்டில் இருந்தது. முருகன்குறிச்சி வரைக்கும் நடந்து, ஒரு கடை வாசலில் நின்று அழுதேன். மழை பெய்ததால் யாருக்கும் தெரியாது. அவள் மேல் கோபம் வரவில்லை. எனக்காகத்தான் செய்திருக்கிறாள். அந்தப் பெயரை வைத்தவன் மேல்தான் கோபம் வந்தது.

போனிலேயே அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். தவறுதலாக அழிந்தது, திரும்பக் கிடைக்குமா. அதற்கு மேல் என்ன விளக்குவது.

நவம்பர் 18

மதுரை. ஆஸ்பத்திரி அறையின் சன்னலில் வேப்பமரம்.

கம்பெனியிலிருந்து பதில் வந்தது. மரியாதையான பதில். அழித்தவற்றை ஒரு மாதம் தனியாக வைத்திருப்பார்களாம், வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம். ஆனால் முழுதாக ஏறி முடிந்தவை மட்டும்தான் கிடைக்கும். எதுவரை ஏறியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மலர் பேசிக்கொண்டே இருந்தாள். டாக்டர் பேச வேண்டாமென்றும் சொல்லவில்லை, பேசச் சொல்லவும் இல்லை. பக்கத்து வீட்டில் சாவி கொடுத்தாச்சா, சிலிண்டரை மூடினோமா, நாளை காலை நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள், அந்தக் கீழ்க் கடையில் இட்லி கல் மாதிரி இருக்கும், கொஞ்சம் நடந்து போய்ச் சாப்பிடுங்கள். அந்தக் காற்றுக் குரலில் இதையெல்லாம் சொன்னாள். என் சட்டைப் பையில் போன் இருந்தது. அழுத்தினால் பதிவாகும். விரல் அதன்மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. அவள் தெரிந்துகொண்டால் வாசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"வலிக்குமோன்னுதான் பயம். பேசுறதுக்கென்ன, நெறையப் பேசியாச்சு. உங்களுக்குத்தான் போரடிக்கும்" என்றாள். என் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

நவம்பர் 19

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். ஸ்தோத்திரம்.

நவம்பர் 24

எழுந்து நடக்கிறாள். கழுத்தின் அடியில் வைத்த துளை வழியாக மூச்சு விடுகிறாள். முதல் நாள் பார்க்கவே முடியவில்லை, இப்போது பழகிவிட்டது. பேச வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டுகிறாள். வேகமாக எழுதுகிறாள், தப்பும் தவறுமாக.

இன்று ஒரு வேடிக்கை. புதிதாக வந்த நர்ஸ், மாத்திரை எப்போது கொடுக்க வேண்டும் என்பதை எனக்குச் சைகையில் காட்டினார். நானும் தலையை ஆட்டி, விரலை மடக்கிச் சைகையிலேயே பதில் சொன்னேன். பிறகு அவர் வெளியே நின்ற ஆயாவிடம், "பாவம், ரெண்டு பேருக்கும் பேச்சு வராது போல" என்று சொன்னது காதில் விழுந்தது. வார்டில் சத்தம் போடக் கூடாதென்று நான் அமைதியாக இருக்கிறேன், அவ்வளவுதான்.

நவம்பர் 28

வீட்டுக்கு வந்துவிட்டோம். வீடு அப்படியே பளபளவென்று இருக்கிறது.

நவம்பர் 30

மலர் தூங்கும்போது அழித்தவற்றைத் திரும்பக் கேட்டேன். திரையில் சுழன்றது, சுழன்றது. பிறகு ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாக வந்து விழுந்தது. மத்தியானம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை விட்டு, ஈர வெயில் சுவரில் ஏறி இறங்கியது.

முதல் ஏழு வருடம் வந்திருக்கிறது. அதற்கு அப்புறம் உள்ளது ஏறவே இல்லை. கடைசி வருடங்களின் மலர் போய்விட்டாள். முதல் நாளே கழிவை வரிசையில் முன்னால் வைத்திருந்தால் அவளும் கிடைத்திருப்பாள். துக்கமாக இருந்தது. கிடைத்ததே பெரிது என்றும் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒன்றும் செய்ய ஓடவில்லை. தேறியதா தேறவில்லையா என்று எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

டிசம்பர் 1

காலையில் மலர் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பிரம்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைக் காட்டி என்னவென்று கேட்டாள். மறைக்க மனமில்லை. ஸ்பீக்கரைப் போட்டேன்.

"ஏங்க… ஏங்க, கேக்குதா? அந்த மோட்டார நிப்பாட்டுங்க. ஆறு மாதிரி சத்தம் வருது."

தொலைவிலிருந்து ஒரு ஆண்குரல்: "நிப்பாட்டிட்டேன் தாயே! நீ வாசி!"

நான்தான். வெட்டும்போதெல்லாம் அவள் குரலை மட்டும் கேட்டு வெட்டியிருக்கிறேன், இந்த ஆள் இருந்ததைக் கவனித்ததே இல்லை. அடுத்த துண்டிலும் இருந்தான். "பால் பொங்காது, நான் நிக்கேன்ல." அதற்கடுத்ததில், அடுத்த வீட்டில் நடக்கும் சண்டையை மூச்சு விடாமல் அவளிடம் ஒப்பிக்கிறான், அவள் "மைக் ஓடுது, மைக் ஓடுது" என்று சிரிக்கிறாள். இன்னொன்றில் குளியலறையிலிருந்து கட்டைக் குரலில் பாடுகிறான்.

மலர் கையை நீட்டி மவுஸை வாங்கிக்கொண்டாள். பின்னால் தள்ளித் தள்ளித் திரும்பக் கேட்டாள். தன் குரலைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் பதில் சொல்கிற இடத்துக்கே போனாள். தோள் குலுங்கச் சிரித்தாள், சத்தமில்லாமல். பிறகு போனை எடுத்து எழுதிக் காட்டினாள்.

"இந்த ஆளு எங்க போனாரு?"

நான் சிரித்துவிட்டு, இதோ இருக்கிறேன் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. மறுபடி எழுதினாள். அதிக நேரம் எழுதினாள்.

"ஆஸ்பத்ரில இருந்து வந்து நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. கைய கைய ஆட்டுதீங்க. கொரல எடுத்தது எனக்கு. காது நல்லாத்தான் இருக்கு."

பசியோடு இருக்கிறவர் முன்னால் இலை போட்டுச் சாப்பிடுவது போல, அவள் முன்னால் பேசக் கூச்சமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலும் அதுதான். வார்டு சத்தமெல்லாம் ஒரு சாக்கு. அதை இப்போதுதான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

"ஏதாவது பேசுங்க" என்று எழுதி, போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

என்ன பேசுவது? எதிரே திரையில் அந்தக் கம்பெனியின் கடிதம் திறந்திருந்தது. அதைப் பார்த்து வாசித்தேன்.

"அன்புள்ள வாடிக்கையாளருக்கு. உங்கள் இலவசச் சோதனைக் காலம் நாளையுடன் நிறைவடைகிறது."

பல நாள் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்தாற்போல் கரகரவென்று வந்தது குரல். மலர் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கடிதம் சின்னது, உடனே முடிந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலே விரலை அசைத்தாள்: இன்னும். கீழே விதிமுறைகள் இருந்தன. தொடர்ந்தேன்.

"பிரிவு ஒன்று. இந்த ஒப்பந்தத்தில் 'நாங்கள்' என்பது நிறுவனத்தைக் குறிக்கும். 'நீங்கள்' என்பது இச்சேவையைப் பயன்படுத்துபவரைக் குறிக்கும்."

அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. என்னென்னவோ இருந்தது அதில். நிறுவனம் பொறுப்பேற்காதவை, இயற்கைச் சீற்றம், போர், எந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். வெயில் தரையில் நகர்ந்து அவள் பாதத்தின்மேல் வந்தது. தெருவில் மீன் விற்றுக்கொண்டு போனார்கள், நாங்கள் கூப்பிடவில்லை. நான் நிறுத்தியபோதெல்லாம் விரல் அசைந்தது.

பதினேழாம் பிரிவில் தொண்டை கட்டிவிட்டது. மலர் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். குடித்துவிட்டுப் பதினெட்டை ஆரம்பித்தேன்.